பழைய தார், புது தார் சண்டை: ஷோரூம் போறதுக்கு முன்னாடி ஒரு சிஏ-வோட கணக்கு



"சார், பழைய தார்தான் ஒரிஜினல், புதுசு சும்மா ஷோவுக்குன்னு சொல்றாங்க. நான் எதை வாங்கறது?" சேனல்ல இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. கேக்கறவங்க பெரும்பாலும் இருபத்தஞ்சுல இருந்து முப்பது வயசுக்குள்ள. ஓசூர் சிப்காட்ல வேலை, இல்லன்னா அத்திப்பள்ளி தாண்டி தினமும் எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போறவங்க. நான் கார் ரிவ்யூ பண்ற ஆள் இல்லை, கியர்பாக்ஸைப் பத்தி என்கிட்ட கேக்காதீங்க. ஆனா இந்த டிசைன் சண்டைக்குள்ள நிறைய வரிக் கணக்கும், ஒரு பெரிய லோன் கணக்கும் ஒளிஞ்சிருக்கு. அதைப் பேசலாம்.

முதல்ல சண்டை என்னன்னு சுருக்கமா பார்த்துடுவோம். மஹிந்திரா 1947-ல வில்லீஸ் ஜீப்பை இங்க பூட்ட ஆரம்பிச்ச கம்பெனி. நம்ம ஊர்ல எந்தக் கம்பெனி வண்டியா இருந்தாலும் 'ஜீப்'னு சொல்ற பழக்கம் அங்க இருந்து வந்ததுதான். அந்தக் குடும்பத்துல 2010-ல வந்தது தார். கேன்வாஸ் கூரை, பின்னாடி எதிரும் புதிருமா உக்கார்ற பெஞ்ச் சீட், லீஃப் ஸ்பிரிங், 105 குதிரைத்திறன் டீசல் இன்ஜின். 2019-ல கடைசி 700 வண்டியைத் தனிப் பதிப்பா வித்து அதை முடிச்சு வெச்சாங்க.

2020 அக்டோபர் 2-ல புது தார் விற்பனைக்கு வந்தது. ஹார்ட் டாப், முன்பக்கம் பார்த்த பின் சீட், ஆட்டோமேட்டிக் கியர், டச் ஸ்கிரீன், லீஃப் ஸ்பிரிங்குக்குப் பதில் காயில் ஸ்பிரிங். அன்னைக்கு ஆரம்பிச்ச சண்டை இன்னும் ஓயலை. "இது தார் இல்லை, சிட்டி கார்"னு ஒரு கூட்டம். "அமெரிக்க ஜீப் ராங்ளரைப் பார்த்து அப்படியே வரைஞ்சிட்டாங்க"ன்னு இன்னொரு கூட்டம். இந்த ரெண்டாவது குற்றச்சாட்டு கோர்ட் வரைக்கும் போச்சு. ஜீப் பிராண்டை வெச்சிருந்த ஃபியட் கிறைஸ்லர், அமெரிக்காவுல மஹிந்திராவோட ராக்ஸார் வண்டி மேல ஏற்கெனவே புகார் கொடுத்திருந்தது. 2021-ல ஆஸ்திரேலியாவுலயும் தார் விஷயமா போனாங்க. 90 நாள் முன்கூட்டியே தகவல் சொல்லாம அந்த வண்டியை அங்க விக்க மாட்டோம்னு மஹிந்திரா ஒத்துக்கிட்டது.

இங்கிலாந்துல லேண்ட் ரோவர் டிஃபென்டருக்கும் இதே கதைதான். பழைய டிஃபென்டர் 2016 ஜனவரியோட நின்னது, புதுசு 2019-ல வந்தது. தனி சேஸிஸையே தூக்கிட்டாங்கன்னு பழைய ரசிகர்கள் இன்னைக்கும் புலம்பறாங்க. அந்தக் கம்பெனி டாடாவோடது, புது டிஃபென்டர் அவங்களுக்கு நல்லாவே ஓடுதுங்கறது வேற விஷயம்.

ஸ்கேல் வெச்சு வரைஞ்சது யாரு?

பழைய தார் ரசிகர்கள் ஒண்ணை மறந்துடறாங்க. அந்த வண்டி ரசனை மாறினதால மட்டும் போகலை. 2019 ஜூலையில இருந்து டிரைவர் ஏர்பேக் கட்டாயம். 2020 ஏப்ரல் 1-ல இருந்து பிஎஸ்6. இந்த விதிகளுக்குள்ள 2010 வண்டியை இழுத்துட்டு வர்றது பணத்தைக் கொட்டற வேலை. புதுசு குளோபல் என்கேப் மோதல் சோதனையில 4 ஸ்டார் வாங்குச்சு. என்ஹெச் 44-ல சூளகிரி பக்கம் ராத்திரி லாரிகளுக்கு நடுவுல ஓட்டிப் பார்த்தவங்களுக்கு, பக்கவாட்டு பெஞ்ச்ல பெல்ட் இல்லாம ஆளை உக்கார வெச்சுப் போறதுன்னா என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த விஷயத்துல நான் முழுசா புது தார் பக்கம்.

இப்போ எனக்குப் பிடிச்ச பகுதி. புது மூணு டோர் தாரோட நீளம் 3,985 மில்லிமீட்டர். நாலு மீட்டருக்கு 15 மில்லிமீட்டர்தான் குறைவு. 2023 ஜனவரியில ஃபோர் பை ஃபோர் இல்லாத, பின்சக்கரம் மட்டும் இழுக்கற தார் வந்துது. அதுல போட்டது 1.5 லிட்டர் டீசல். ரெண்டும் தற்செயல் இல்லை. நாலு மீட்டருக்குள்ள நீளம், 1,500 சிசிக்குள்ள டீசல் இன்ஜின்: இது ரெண்டும் சேர்ந்தா ஜிஎஸ்டியில 'சின்ன கார்'. 2025 செப்டம்பர் 22-ல இருந்து சின்ன காருக்கு 18%, மத்த பெரிய கார்களுக்கு 40%. அதே உடம்பு, அதே கிரில், அதே வட்ட லைட். உள்ள 2.2 லிட்டர் டீசலோ 2 லிட்டர் பெட்ரோலோ இருந்தா 40%. 1.5 டீசல் இருந்தா 18%. 2024-ல வந்த அஞ்சு டோர் தார் ராக்ஸ் 4,428 மில்லிமீட்டர், அது எந்த இன்ஜின் போட்டாலும் 40%தான்.

"பின்சக்கர தார் தாரே இல்லை"ன்னு சொல்றவங்ககிட்ட நான் கேக்கறது, உங்களுக்கு முன்பக்க ஆக்சிலும் டிரான்ஸ்ஃபர் கேஸும் எத்தனை நாள் வேலை செய்யும்? சூரியநெல்லியில இருந்து கொழுக்குமலைக்கு ஏறுற ஜீப்காரருக்கு அது தினமும் சோறு போடுது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் மலைச்சரிவுல நிலம் இருக்கறவருக்கு மழைக்காலத்துல வேணும். சிப்காட்ல இருந்து ரிங் ரோடு வழியா வீட்டுக்குப் போறவருக்கு?

"வீக்கெண்ட்ல ஆஃப்ரோட் போவோம் சார்"னு சொல்வீங்க. எங்க போவீங்க? நம்ம பக்கத்துல இருக்கற நல்ல கரடுமுரடு எல்லாம் பாதிக்கு மேல காப்புக்காடு. காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் ஏற்கெனவே இருக்கு, 2022-ல காவேரி தெற்கும் அறிவிச்சாச்சு. அனுமதி இல்லாம காட்டுப்பாதையில வண்டியை விட்டா வனத்துறை கேஸ் போடும், அதுக்கு முன்னாடி யானை வந்தா அது வேற கதை. கேஆர்பி அணை வரைக்கும் போட்டோ எடுக்கப் போறதுக்கு ஃபோர் பை ஃபோர் தேவையில்லை, ஸ்கூட்டரே போகும்.

பழைய தார் அதுவே வேண்டாம்னு சொல்லும்

இந்தச் சண்டையில பழைய ரசிகர்கள் சொல்ற ஒரு விஷயத்துல உண்மை இருக்கு. ஆனா அது என்னன்னு அவங்களே கவனிக்கலை.

பழைய தாரை டெஸ்ட் டிரைவ் பண்ண பாதிப் பேர் அன்னைக்கே மனசை மாத்திக்குவாங்க. எண்பதுல போனா பக்கத்துல இருக்கறவர்கூட கத்தித்தான் பேசணும். கேன்வாஸ் கூரையைப் பூட்டிட்டுப் போனாலும் பூட்டின நம்பிக்கை வராது. அம்மாவைப் பின்னாடி உக்கார வெச்சு தருமபுரி வரைக்கும் போனா திரும்பி வர்றப்போ அவங்க பஸ்ஸுல வந்துடுவாங்க. அதனால அதை வாங்கினவங்க யாரு? நிலபுலன் இருக்கறவங்க, எஸ்டேட்காரங்க, வீட்டுல ஏற்கெனவே ஒரு கார் வெச்சிருக்கற ஆசைக்காரங்க. 26 வயசு டிப்ளமோ இன்ஜினியர் ஏழு வருஷ லோன்ல அதை முதல் காரா வாங்க மாட்டார். வண்டியோட அசௌகரியமே ஒரு நிதி ஆலோசகர் மாதிரி வேலை செஞ்சுது.

2020 டிசைன் அந்த அசௌகரியத்தை எல்லாம் ஒவ்வொண்ணா எடுத்துடுச்சு. ஆட்டோமேட்டிக், ஹார்ட் டாப், குழந்தை சீட் மாட்ட கொக்கி, எல்லாம் வந்தாச்சு. "இதையே ஒரே காரா வெச்சுக்கலாமே"ன்னு தோணும். நல்ல இன்ஜினியரிங்தான். ராக்ஸ் புக்கிங் ஆரம்பிச்ச 2024 அக்டோபர் 3-ல முதல் ஒரு மணி நேரத்துல 1,76,218 பேர் பதிவு பண்ணாங்க. அவ்வளவு பேருக்கும் ஆற்றங்கரை, பாறை, சேறு இருக்கா என்ன? 'வேண்டாம்'னு சொல்ற வேலையை வண்டி விட்டுடுச்சு. அதை இப்போ உங்க சம்பளச் சீட்டு பார்த்து நீங்கதான் செய்யணும்.

65,000 ரூபாய்க்கு ஒரு கணக்கு

கையில மாசம் 65,000 வர்ற ஒருத்தரை எடுத்துக்குவோம். விலையெல்லாம் உதாரணத்துக்கு, இன்னைய விலையை ஷோரூம் கொட்டேஷன்ல பாருங்க. ஷோரூம் விலை 15 லட்சம் உள்ள ஒரு ஃபோர் பை ஃபோர் தார்னு வெச்சுக்கலாம்.

தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல இருந்து 10 லட்சத்துக்கு மேல 20 லட்சம் வரைக்கும் ஆயுள் வரி 18%. அது 2.70 லட்சம். முதல் வருஷ இன்ஷூரன்ஸ் (மூணு வருஷ தேர்ட் பார்ட்டியோட) ஒரு 65,000. டிசிஎஸ் 1%, 15,000. எல்லாம் சேர்த்து 18.50 லட்சம் ஆச்சு. சேமிப்புல இருந்து 3.50 லட்சம் போட்டு, 15 லட்சம் லோன் எடுக்கறார். 9% வட்டி, ஏழு வருஷம்.

இஎம்ஐ 24,134. ஷோரூம்ல இதை மட்டும் ஒரு சீட்டுல எழுதிக் காட்டுவாங்க, "சம்பளத்துல 37%தான் சார்"னு. மீதிக் கதையை நான் சொல்றேன். ஓசூர்ல இருந்து எலக்ட்ரானிக் சிட்டி போய் வர தினமும் 45 கிலோமீட்டர்னு வெச்சா, மாசம் 24 நாளுக்கு 1,080. லிட்டருக்கு 12 கொடுத்தா 90 லிட்டர். 92 ரூபாய்ன்னு போட்டா 8,280. சர்வீஸ், டயர், அடுத்த வருஷ இன்ஷூரன்ஸுக்குன்னு மாசம் 3,500 எடுத்து வைக்கணும். மொத்தம் கிட்டத்தட்ட 36,000. சம்பளத்துல 55%. அத்திப்பள்ளி டோல் இதுல சேரலை. வாடகை, வீட்டுக்கு அனுப்பறது, எஸ்ஐபி எல்லாம் மிச்சம் 29,000-ல நடக்கணும். ஒரு ஷிஃப்ட் ஓவர்டைம் குறைஞ்சா கிரெடிட் கார்டு உள்ள வரும்.

வண்டிக்கான மொத்தச் செலவு (இஎம்ஐ, எரிபொருள், பராமரிப்பு எல்லாம் சேர்த்து) கையில வர்ற சம்பளத்துல 20% தாண்டக் கூடாதுங்கறது என் கட்டுப்பாடு. கறாரா தெரியும், தெரியட்டும். 65,000-க்கு 20% அப்படின்னா 13,000. அதுக்குள்ள புது தார் எதுவும் அடங்காது. இதைச் சுத்தி வளைச்சுச் சொல்றதுல பிரயோஜனம் இல்லை.

சரி, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலை, சேர்ந்து 1.50 லட்சம் வருது. 20%னா 30,000. 9.99 லட்சம் ஷோரூம் விலையில ஒரு பின்சக்கர 1.5 டீசல் எடுத்தா, வரி 13%, 1.30 லட்சம். இன்ஷூரன்ஸ் 50,000. ஆன்ரோடு 11.80 லட்சம் பக்கம். 3.80 கையில இருந்து, 8 லட்சம் லோன், அஞ்சு வருஷம்: இஎம்ஐ 16,607. டீசல் 7,100, பராமரிப்பு 3,000. மொத்தம் 26,700. அடங்குது. அதே ஜோடி 15 லட்சம் ஃபோர் பை ஃபோரை அஞ்சு வருஷ லோன்ல எடுத்தா இஎம்ஐ மட்டும் 31,138. அடங்கலை. வெளியில இருந்து பார்க்கறவங்களுக்கு ரெண்டு வண்டிக்கும் வித்தியாசம் தெரியாது.

9.99-ங்கற எண் ஏன் அடிக்கடி வருதுன்னு இப்போ புரிஞ்சிருக்கும். தமிழ்நாட்டு ஆயுள் வரி 5-ல இருந்து 10 லட்சம் வரைக்கும் 13%. தாண்டினா தாண்டின தொகைக்கு மட்டும் இல்லை, முழு விலைக்கும் 18%. 9.99 லட்சத்துக்கு 1.30 லட்சம், 10.01 லட்சத்துக்கு 1.80 லட்சம். ரெண்டாயிரம் ரூபா விலை கூடினா ஐம்பதாயிரம் வரி கூடும். டிசிஎஸ்-ஸும் 10 லட்சத்தைத் தாண்டினாத்தான் வரும். சேல்ஸ்மேன் "ஒரே ஒரு வேரியன்ட் மேல போங்க சார், விலை கொஞ்சம்தான் கூட"ன்னு சொல்றப்போ ஆன்ரோடு விலையில வித்தியாசம் எவ்வளவுன்னு கேளுங்க.

டிசிஎஸ் பத்தி ஒரு நல்ல செய்தி. அது செலவு இல்லை, உங்க பேர்ல கட்டின முன்வரி. 26ஏஎஸ்-ல தெரியும், ரிட்டர்ன் போடறப்போ வரியில கழிச்சுக்கலாம், வரி இல்லன்னா ரீஃபண்ட் வரும். கம்பெனி ஹெச்ஆர்கிட்ட விவரம் கொடுத்தா சம்பளத்துல பிடிக்கற டிடிஎஸ்-லயே குறைச்சுக்குவாங்க. ரசீதுல உங்க பான் நம்பர் சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க. அப்பா பேர்ல வண்டி, உங்க அக்கவுண்ட்ல இருந்து பணம்னா கிரெடிட் அப்பா பான்லதான் விழும்.

மூணாவது வருஷப் பள்ளம்

ஏழு வருஷ லோனை ஏன் வேண்டாம்னு சொல்றேன்? வட்டி 5.27 லட்சம், அஞ்சு வருஷம்னா 3.68 லட்சம். இது எல்லாரும் சொல்றது. நான் பயப்படறது வேற ஒண்ணுக்கு.

மூணு வருஷம் முடிஞ்ச வண்டி முழுசா நொறுங்கிப் போச்சு இல்ல திருடு போச்சுன்னா, இன்ஷூரன்ஸ் கொடுக்கறது ஐடிவி. மூணுல இருந்து நாலு வருஷ வண்டிக்கு வழக்கமான தேய்மானம் 40%. 15 லட்சம் வண்டிக்கு கையில வர்றது 9 லட்சம் பக்கம். அன்னைக்கு ஏழு வருஷ லோன்ல பாக்கி 9.70 லட்சம். வண்டியும் இல்லை, பேங்குக்கு இன்னும் 70,000 கொடுக்கணும். அஞ்சு வருஷ லோனா இருந்தா பாக்கி 6.80 லட்சம், ரெண்டு லட்சத்துக்கு மேல உங்க கையில நிக்கும். ஏழு வருஷம்தான் கட்டுப்படியாகும்னா, 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' ஆட் ஆன் கட்டாயம் போடுங்க. ஆனா அது வழக்கமா முதல் சில வருஷத்துக்குத்தான் கிடைக்கும், பள்ளம் இருக்கற வருஷத்துக்கும் வருதான்னு கேட்டு வாங்குங்க.

இதோட சேர்ந்தது மாடிஃபிகேஷன். புது தார் சாஃப்ட் ஆயிடுச்சுங்கற குறையைப் போக்க நம்ம பசங்க பெரிய டயர், இரும்பு பம்பர், கூரை லைட் எல்லாம் மாட்டறாங்க. பழைய தார்ல பம்பர் நசுங்கினா சுத்தியல் போதும். புதுசுல சென்சார், ஏர்பேக் எல்லாம் அந்த முகத்துக்குப் பின்னாடி இருக்கு. புல் பாரை மத்திய அரசு 2017-லயே தடை பண்ணிடுச்சு. பதிவுல இருக்கற அமைப்பை மாத்தக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2019-ல சொல்லியாச்சு. கிளெய்ம் வர்றப்போ சர்வேயர் முதல்ல பார்க்கறது இதைத்தான். லோன்ல வராத இந்த ஒன்றரை லட்சம் பெரும்பாலும் கிரெடிட் கார்டு இஎம்ஐ-ல போகுது.

பழைய தாரையே செகண்ட்ஸ்ல வாங்கலாமான்னு கேக்கறவங்களுக்கு: வீட்டுல வேற கார் இருந்து, கைக்காசு இருந்தா தாராளமா. லோன் போட்டு வேண்டாம். பழைய வண்டி லோனுக்கு வட்டி ஜாஸ்தி, ஏர்பேக் இருக்காது, 15 வருஷத்துல ஆர்சி புதுப்பிக்கணும், பசுமை வரி கட்டணும். ஆசைக்கு வாங்கறதை ஆசைக்குன்னே ஒத்துக்கிட்டு, இழந்தா வலிக்காத பணத்துல வாங்குங்க.

கடைசியா நம்ம எல்லைப் பிரச்சினை. டிஎன் 70-ல போடறதா, கேஏ 51-ல போடறதா? கர்நாடகாவுல விலை குறைவுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 10-ல இருந்து 20 லட்சம் வண்டிக்கு அங்க 17% வரி, அதுக்கு மேல செஸ், சேர்ந்தா நம்ம 18%-ஐத் தாண்டிடும். நீங்க குடியிருக்கற ஊர் எதுவோ அங்க பதிவு பண்ணுங்க. வேற மாநில வண்டியை 12 மாசத்துக்கு மேல ஒரு மாநிலத்துல தொடர்ந்து வெச்சிருந்தா அங்க மறுபதிவு பண்ணி வரி கட்டணும். ஓசூர்ல வீடு, தினமும் எல்லை தாண்டி வேலைன்னா, வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், கம்பெனி ஐடி மூணையும் வண்டியில ஒரு நகல் வெச்சுக்குங்க. மறிச்சுக் கேட்டா, வண்டி ராத்திரி நிக்கறது தமிழ்நாட்டுலதான்னு காட்ட அது உதவும்.

கம்பெனி லீஸ்ல எடுக்கலாமான்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. 1.6 லிட்டருக்கு மேல, கீழன்னு வரிக் கணக்கு மாறும், 1.5 டீசல் அதுல கீழ் பக்கம். ஆனா நடுவுல வேலையை விட்டா லீஸை அன்னைக்கே முடிச்சுக் கட்டச் சொல்வாங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனி மாறுற ஆளா இருந்தா, ஹெச்ஆர் கொடுக்கற லீஸ் பாலிசியில அந்த முன்முடிப்புத் தொகை எழுதியிருக்கற பக்கத்தை முதல்ல படிங்க.